குளிர் வீட்டுக்கா, அறைக்கா?

வீட்டைக் குளிர்விக்க இன்று இரண்டு வழிகள் உண்டு. மாடியிலோ புறவாசலிலோ ஒரே பெரிய இயந்திரத்தை வைத்து, அது குளிர்வித்த காற்றைத் தகரக் குழாய்கள் (டக்ட்) வழியாக எல்லா அறைகளுக்கும் அனுப்புவது ஒன்று. இதைச் சென்ட்ரல் ஏ.சி. என்கிறார்கள். சுவரில் ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, நடுவில் இரண்டு செம்புக் குழாய் என்று அறைக்கு ஒன்றாக மாட்டுவது மற்றது. இது ஸ்ப்ளிட். இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். உள்ளே இருக்கும் வெப்பத்தை ஒரு வாயு உறிஞ்சி, வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புகிறது. ஆனால் சென்ட்ரல் முறையில் வீட்டுக்குள் ஓடுவது காற்று. ஸ்ப்ளிட்டில் ஓடுவது அந்த வாயு. செலவு, மின்கட்டணம், கூரையின் உயரம், சுவரில் விழும் ஓட்டை, யார் எங்கே படுப்பது என்பது வரை மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

திருநெல்வேலி வீடுகளில் நெடுங்காலம் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. சென்ட்ரல் ஏ.சி. என்றால் ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம். வீட்டுக்கு ஸ்ப்ளிட், அதுவும் ஒன்று. மத்திய அரசு 2019 இல் வெளியிட்ட குளிர்விப்புச் செயல்திட்டம், நாட்டில் ஏ.சி. உள்ள குடும்பங்கள் நூற்றுக்கு எட்டுதான் என்று மதிப்பிட்டிருந்தது. இப்போது பெருமாள்புரம், மகாராஜநகர், கே.டி.சி. நகர் பக்கம் எழும் புதுவீடுகளுக்கு வரைபடம் போடும்போதே ‘டக்ட் போட்டுவிடலாமா’ என்ற பேச்சு எழுகிறது. இயந்திரத்தின் விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. இந்த ஊரின் வெப்பம் எந்த நேரத்தில், எந்த வழியாக, வீட்டின் எந்தப் பகுதிக்குள் வருகிறது என்பதைப் பார்த்த பிறகே சொல்ல முடியும்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரே வெப்பம் என்று கிடையாது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேரும்வரை ஆறு ஓடும் தொலைவு ஏறக்குறைய 130 கிலோமீட்டர்தான். அந்தக் குறுகிய தூரத்துக்குள் காற்றின் குணம் மாறிவிடுகிறது. ஜூன் பிறந்ததும் பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கம் சாரல் எட்டிப் பார்க்கும். அதே நாட்களில் பாளையங்கோட்டைக்கு வரும் மேல்காற்று ஈரத்தையெல்லாம் மலையின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, இறங்கும்போது சூடேறி, புழுதியை வாரிக்கொண்டு வீசும். கிழக்கே ஆத்தூர், திருச்செந்தூர் போனால் கடலின் ஈரம். வெயில் அத்தனை உறைக்காவிட்டாலும் வேர்வை காயாது. பாளையங்கோட்டையில் மே மாதப் பகலின் உச்சம் சராசரியாக 37, 38 டிகிரி. சில நாட்களில் 40ஐத் தாண்டும். குற்றாலத்தில் சீசன் என்று ஊரே கிளம்பிப் போகும் ஜூலையிலும் நெல்லையில் வெயில் விட்டுக்கொடுப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை இறங்கிய பிறகுதான் வீடு ஆறும். அறையைச் சூடாக்க வேண்டிய இரவு என்று ஆண்டில் ஒன்றுகூட வராது.

காய்ந்த வெப்பமும் ஈர வெப்பமும் இயந்திரத்திடம் வெவ்வேறு வேலை கேட்பவை. முன்னதில் காற்றின் சூட்டைக் குறைத்தால் போதும். பின்னதில் காற்றிலுள்ள தண்ணீரையும் பிழிந்தெடுக்க வேண்டும். ஆடி மாதத்தில் பாளையங்கோட்டையில் தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர் கூலரே ஓரளவுக்குச் சமாளிக்கும். திருச்செந்தூரில் அதே கூலர் அறையின் புழுக்கத்தைக் கூட்டத்தான் செய்யும். எனவே ‘நெல்லைச் சீமைக்கு எது நல்லது’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த ஊர், எந்த மாதம் என்பதும் கேள்விக்குள் வந்தாக வேண்டும்.

அடுத்தது வீடு. நெல்லை டவுனில் ரத வீதிகளுக்குப் பின்னாலும், கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத்திலும், ஆற்றங்கரை ஊர்களின் வளவுகளிலும் பழைய வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்பவை. பக்கச் சுவர் அடுத்த வீட்டுக்கும் பொது. அதில் சன்னல் வைக்க வழியில்லை. வெயில் படக்கூடிய இடங்கள் முன்வாசல், புறவாசல், கூரை, இவ்வளவுதான். தார்சா (முன்கூடம்), பட்டாசல் (நடுக்கூடம்), இரண்டாம் கட்டு, அடுக்களை என்று கதவுகள் நேர்கோட்டில் இருக்கும். இடையில் வானம் பார்த்த முற்றம். முற்றத்தில் சூடேறிய காற்று மேலே போக, வாசல் வழியாகப் புதுக்காற்று உள்ளே இழுபடும். கூரை மட்டப்பாவாக இருந்தால், மரக்கட்டைகளின் மேல் செங்கலை நெருக்கமாகச் செங்குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, அதற்கு மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். கனம் முக்கால் அடிக்குக் குறையாது. பகல் வெயில் அதைத் துளைத்து உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

இந்த வீடுகளைச் சொர்க்கமாக்கிப் பேச வேண்டியதில்லை. நடு அறைகளில் பகலிலும் விளக்கு வேண்டும். அடுக்களைப் புகை முற்றத்தைத் தாண்டித் தார்சாவுக்கு வரும். ஆண்கள் திண்ணையிலும் மொட்டைமாடியிலும் படுத்துக் காற்று வாங்கியபோது பெண்கள் உள்ளறையில் புழுங்கிக் கிடந்தார்கள். ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. வீடு முழுவதும் ஒரே நேரத்தில் குளிர்ந்திருக்க வேண்டும் என்று அந்த வாழ்க்கை எதிர்பார்க்கவில்லை. காலையில் தார்சா, உச்சியில் பட்டாசல், இரவில் மாடி என்று ஆட்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு குளிர்ச்சி இருந்த இடத்துக்கு நகர்ந்தார்கள். வெள்ளைக்காரக் கலெக்டர்கள் இதையே பெரிய அளவில் செய்தார்கள். சாரல் மாதங்களில் குற்றாலத்துக்கு முகாமை மாற்றிக்கொண்டார்கள்.

கான்கிரீட் தளம் வந்ததும் கணக்கு மாறியது. நாலரை, ஐந்து அங்குலத் தளம். அதன் மேல் நேரடி வெயில். மே மாத மதியத்தில் மொட்டைமாடித் தரையின் சூடு 60 டிகிரியைத் தொட்டுவிடும். அந்தச் சூடு தளத்தின் அடிப்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும். வெளியே வெயில் தாழ்ந்து, தெருவில் காற்று நன்றாக வீசத் தொடங்கும் ஏழு மணிக்கு, அறையின் கூரை தன் உச்சத்தில் தகிக்கும். மின்விசிறியைப் போட்டால் மேலே தேங்கிய சூடுதான் கீழே இறங்கும். இரவு பத்து மணிக்குப் படுக்கிறவர் தலைமேல் இருப்பது மதியம் இரண்டு மணி வெயில். நெல்லையில் ஒரு குடும்பம் முதன்முதலாக ஏ.சி. வாங்கும்போது அதைக் கூடத்தில் மாட்டாமல் மேல்தளத்துப் படுக்கையறையில் மாட்டுவதற்குக் காரணம் இதுவே.

காற்றைப் பக்குவப்படுத்தும் தொழில்நுட்பம் முதலில் மனிதருக்காகத் தோன்றியதில்லை. 1902 இல் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் தன் ஏற்பாட்டை வடிவமைத்தார். காற்றின் ஈரம் ஏறி இறங்கியதில் தாள் விரிந்து சுருங்க, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் அச்சாகிக்கொண்டிருந்தன. நூற்பாலைகளுக்கும் அதே தேவை இருந்தது; காய்ந்த காற்றில் பஞ்சு இழை அறுந்துபோகும். பாபநாசத்தில் தாமிரபரணி விழும் வேகத்தை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880களில் தொடங்கிய ஆலை உட்பட, நூற்பு நடந்த இடமெல்லாம் காற்றின் ஈரம் உற்பத்தியைப் பாதிக்கும் விஷயம். தாளுக்கும் நூலுக்கும் பிறகே தியேட்டர் ரசிகர்களுக்கும் அலுவலக ஊழியர்களுக்கும் முறை வந்தது.

வீட்டுக்கு அது வந்த கதை இன்னும் கவனிக்கத்தக்கது. அமெரிக்க வீடுகள் பலவற்றில் பனிக்காலத்துக்காக ஏற்கெனவே ஓர் உலை இருந்தது. அதிலிருந்து சூடான காற்றை ஒவ்வோர் அறைக்கும் கொண்டுபோகும் குழாய்கள் மரச்சுவர்களுக்குள்ளும் பரணிலும் ஓடின. கோடையில் அதே குழாயில் குளிர்ந்த காற்றை விட்டால் வேலை முடிந்தது. ஆக, சென்ட்ரல் ஏ.சி.யை அந்த வீடுகளுக்குள் எளிதாக அழைத்து வந்தது அங்கத்திய பனிக்காலம். ஜப்பானியர் வேறு வழியில் வந்தார்கள். அங்கே அறைகள் சிறியவை, குழாய்கள் கிடையாது. குளிர்காலத்திலும் வீடு முழுவதையும் சூடாக்காமல், அடியில் கணப்பு வைத்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆள் இருக்கும் இடத்தை மட்டும் சூடாக்கிக்கொள்ளும் வழக்கம். 1960களில் அங்கே உருவான ஸ்ப்ளிட் அந்த வழக்கத்துக்குப் பொருந்தியது. 1980களின் தொடக்கத்தில் இன்வெர்ட்டர் வந்தது. கம்ப்ரசர் நின்று நின்று ஓடாமல், தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டது. 1982 இல் டைகின் நிறுவனம் ஒரே வெளிப்பெட்டியிலிருந்து பல உட்பெட்டிகளுக்கு வாயுவைப் பிரித்தனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. வி.ஆர்.எஃப். என்று இன்று விற்கப்படும் இந்த வகை, இரண்டு முறைகளுக்கும் நடுவில் நிற்பது.

நெல்லை வீட்டில் பனிக்காலமும் இல்லை, குழாயும் இல்லை. டக்ட் வேண்டுமானால் குளிருக்காகவே புதிதாகப் போட வேண்டும். பத்தடி உயரக் கூரையில் அதற்கு ஓர் அடியாவது போய்விடும். அதை மறைக்க ஃபால்ஸ் சீலிங். குறுக்கே பீம் வந்தால் குழாய் இன்னும் கீழே இறங்கும்; அல்லது கான்கிரீட் போடுவதற்கு முன்பே பீமில் வழி விட்டிருக்க வேண்டும். குழாய் ஓடும் இடமோ வீட்டிலேயே மிகச் சூடான இடம், வெயில் ஏறிய தளத்தின் நேர் அடிப்பக்கம். அமெரிக்காவில், சூடான பரண்கள் வழியே ஓடும் குழாய்களில், குளிர்விக்கும் மின்சாரத்தின் முப்பது விழுக்காட்டுக்கு மேலும் வீணாகலாம் என்று அந்நாட்டு எரிசக்தித் துறை எச்சரிக்கிறது. நல்ல உறையும் இறுக்கமான இணைப்புகளும் இந்த இழப்பைக் குறைக்கும். ஆனால் சீலிங்குக்குப் பின்னே மறைந்துவிட்ட கசிவை யாரும் பிறகு எட்டிப் பார்ப்பதில்லை.

தாமிரபரணிப் பாசனத்தை அறிந்தவருக்கு டக்டின் இன்னொரு சிக்கல் உடனே பிடிபடும். மருதூர் அணைக்கட்டில் திறந்த தண்ணீர் தலைமடையில் தளும்பும், கடைமடையில் கால் நனையாது. காற்றும் அப்படித்தான். இயந்திரத்துக்குப் பக்கத்து அறையில் போர்வை தேட வேண்டியிருக்கும். கடைசி அறையில் விசிறி தேட வேண்டியிருக்கும். கிளைக்கு ஒரு தடுப்புத் தகடு வைத்து, மடையைத் திறந்து அடைப்பதுபோல் அளவு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஓர் அறைக்கு மட்டும் போதும் என்று மற்ற மடைகளையெல்லாம் அடைத்துவிட முடியாது. பெரிய இயந்திரம் தள்ளும் காற்றுக்குப் போக்கிடம் வேண்டும். ஸ்ப்ளிட்டோ அவரவர் கிணறு. வேண்டியவர் இறைத்துக்கொள்கிறார், வேண்டாதவர் மூடிவைக்கிறார்.

அளவுக் கணக்கும் இதையே சொல்கிறது. ஒரு டன் என்பது ஒரு டன் பனிக்கட்டி இருபத்துநான்கு மணி நேரத்தில் உருகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம். இன்றைய அளவில் மூன்றரை கிலோவாட். வெயில் படும் தளத்துக்கு அடியிலுள்ள அறைக்கு 120 முதல் 150 சதுர அடிக்கு ஒரு டன் என்பது தொழிலில் புழங்கும் தோராயம். 1,200 சதுர அடி வீட்டில் அடுக்களையும் குளியலறைகளும் போக 900 சதுர அடி என்று வைத்தால், ஆறு முதல் ஏழரை டன் வரை வேண்டும். அதே வீட்டில் இரவு படுக்கும் ஓர் அறைக்கு ஒன்று அல்லது ஒன்றரை டன் போதும். ஏழு டன் இயந்திரத்துக்கு மும்முனை மின்இணைப்பு வேண்டும். ஒன்றரை டன் ஸ்ப்ளிட்டுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

மின்கட்டணம் இந்த வேறுபாட்டை இன்னும் கூர்மையாக்குகிறது. ஒன்றரை டன், ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட்டின் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரப் பட்டியில், 1,600 மணி நேர ஓட்டத்துக்கு 750 யூனிட்டை ஒட்டிய அளவு போட்டிருக்கும். மணிக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு. இரவு எட்டு மணி நேரம், இரண்டு மாதம் என்றால் 480 மணி; பட்டியின்படி 225 யூனிட். நெல்லையின் தகிக்கும் தளத்துக்காகக் கூட்டி 300 என்றே வைத்துக்கொள்ளலாம். பழைய வகை ஏழு டன் டக்ட் இயந்திரம் முழுவேகத்தில் மணிக்கு எட்டு யூனிட் வரை இழுக்கும். பாதி நேரம் நின்று ஓடுகிறது என்று கணக்கிட்டாலும் அதே 480 மணிக்கு 1,900 யூனிட்டைத் தாண்டும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறார்கள். 2016 முதல் வீடுகளுக்கு முதல் நூறு யூனிட் இலவசமாகி, அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும் ஏற்பாடு இருந்துவருகிறது. மொத்தம் 500ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் சேர்ந்து போகும். மற்றச் செலவு 200 யூனிட்டுக்குள் அடங்கும் வீட்டில் ஒரு ஸ்ப்ளிட் அந்தக் கோட்டின் விளிம்பில் நிற்கும். இரண்டாவது ஸ்ப்ளிட் கோட்டைத் தாண்டிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் நடுத்தரக் குடும்பங்கள் மீட்டரைக் குனிந்து குனிந்து பார்ப்பது இந்த ஐந்நூறுக்காகத்தான். சென்ட்ரல் ஏ.சி. இந்தக் கவலையிலிருந்து விடுதலை தரும். முதல் பதினைந்து நாட்களுக்குள்ளேயே கோடு பின்னால் போயிருக்கும்.

சென்ட்ரல் முறைக்கு உரிய நியாயங்களையும் சொல்லியாக வேண்டும். சுவர்களில் பெட்டி தொங்காது. சத்தம் குறைவு. வடிகட்டியைப் பெரிதாக வைத்துப் புழுதியை நன்றாகத் தடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியிலிருந்து புதுக்காற்றை அளவாகக் கலக்க இதில் வழி வைக்கலாம். சாதாரண ஸ்ப்ளிட் அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிவிடுகிறது. படுத்த படுக்கையாக முதியவர் ஒருவர், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இருவர், கீழ்த்தளத்தில் ஒரு கிளினிக் என்று பகலிலும் இரவிலும் பல அறைகளில் ஆள் இருக்கும் வீட்டுக்கு வீடு தழுவிய ஏற்பாடு பொருந்தும். அங்கும் டக்டைவிட வி.ஆர்.எஃப். ஏற்றது. அதில் ஓடுவது வாயு என்பதால் கூரைக்கு அடியில் பெரிய குழாய் வேண்டாம். ஆளில்லாத அறையை நிறுத்தியும் வைக்கலாம். முதல் செலவு அதிகம். நெல்லையில் பழுதுபார்க்கக் கைதேர்ந்த ஆள் கிடைக்கிறாரா என்பதையும் வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். ஒற்றை இயந்திரம் மே மாதத்தில் நின்றால் வீடே நின்றுபோகும். மூன்று ஸ்ப்ளிட்டில் ஒன்று நின்றால் மற்ற இரண்டு அறை மிஞ்சும்.

ஸ்ப்ளிட்டின் தொல்லைகள் பெரும்பாலும் வெளிப்பெட்டியைச் சேர்ந்தவை. ஒட்டிய சுவர் வீடுகளில் அதை வைக்க இடம் முடுக்கு என்னும் குறுகிய சந்துதான். நாலடி முடுக்கில் இருபுறமும் அவுட்டோர்கள் எதிரும்புதிருமாக நின்று, ஒன்று கக்கும் சூட்டை மற்றது உறிஞ்சும். இரண்டுக்கும் மின்செலவு கூடும். மொட்டைமாடிக்குக் கொண்டுபோனால் செம்புக் குழாய் நீள்கிறது. நீள நீளத் திறன் குறையும். மாடியில் நிழல் இல்லாவிட்டால் பெட்டியே வெயிலில் காயும். ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு மெக்கானிக் வந்து பிரஷர் பம்பைத் திருப்பியதும் அலுமினியத் தகடுகளின் இடுக்கிலிருந்து செம்மண் குழம்பாக வழியும். உள்ளே பல்லி புகுந்து போர்டில் இரண்டு முனைகளைத் தொட்டுச் செத்துக்கிடப்பதும், போர்டு மாற்ற ஆயிரக்கணக்கில் செலவாவதும் இங்கே வழக்கமான கதை. திருச்செந்தூர், காயல்பட்டினம், உவரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று தகடுகளை அரித்துத் தின்னும்; மேற்பூச்சுள்ள வகையை வாங்கி, நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவ வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டு நெல்லை ஜங்ஷனுக்குள்ளும் ஸ்ரீவைகுண்டத்துக்குள்ளும் வந்தது. ஆற்றோரம் வீடு கட்டுகிறவர் எந்த முறையைத் தேர்ந்தாலும் வெளிப்பெட்டியைத் தரையில் உட்கார வைக்கலாகாது என்பதற்கு அந்த இரண்டு நாட்களே சாட்சி.

ஓர் அறை மட்டும் குளிர்ந்த வீட்டில் குடும்பத்தின் நடமாட்டமும் மாறுகிறது. ‘ஏ.சி. ரூம்’ என்று பெயர் பெற்ற அந்த அறை, கணவன் மனைவிக்கென்று கட்டியதாக இருக்கலாம். மே மாதத்தில் அது எல்லோருக்கும் பொதுவாகிவிடும். கட்டிலில் மூவர், கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடையில் பத்தமடைப் பாயை விரித்து நால்வர்; லீவுக்கு வந்த மதினி பிள்ளைகளும் இதில் அடக்கம். ரிமோட் யார் கையில் என்பது தனி வழக்கு. தண்ணீர் குடிக்க எழுந்தவனைப் பார்த்து, “ஏல, கதவச் சாத்துல, குளுரு பூராம் போயிரும்” என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வரும். ஆச்சி மட்டும் பட்டாசலில் விசிறிக்கு அடியிலேயே படுத்துக்கொள்வாள். கேட்டால் “எனக்கு அந்தக் குளுரு ஒத்துக்கிடாது” என்பாள். பல வீடுகளில் அது உண்மை. சில வீடுகளில் இடம் போதாததை அவள் சொல்லும் விதம். அறைக்கு ஓர் ஏ.சி. வாங்க வசதி வந்ததும் இந்தக் கூட்டம் கலைந்து, அவரவர் அவரவர் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். சென்ட்ரல் ஏ.சி. கோட்பாட்டளவில் எல்லாக் கதவையும் திறந்துவைக்க அனுமதிப்பது. பழைய வீட்டின் ஒரே காற்றுவெளியை அது திரும்பத் தருகிறது எனலாம். ஆனால் வெளிவாசலையும் சன்னலையும் இறுக்க மூடினால்தான் தரும்.

ஏழு பேர் படுத்த மூடிய அறையில் குளிருக்கு அப்பாலும் ஒரு கணக்கு உண்டு. உறங்கும் ஒருவர் உடலிலிருந்து ஏறக்குறைய 70 வாட் வெப்பம் வெளியேறும். ஏழு பேருக்கு அரை கிலோவாட். கூடவே மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும். வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் உள்ள கரியமில வாயு, இப்படிப்பட்ட அறையில் விடிவதற்குள் பல மடங்காகிவிடும். காலையில் தலை கனப்பதற்கு ஏ.சி.யைக் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் மூடிய கதவின்மேல்தான். இடையில் ஒருமுறை கதவைத் திறந்துவிடுவதும், சன்னலில் விரலளவு இடுக்கு விடுவதும் இதற்கு ஓரளவு மருந்து.

ஏ.சி. வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. அறையிலிருந்து அள்ளிய வெப்பமும் அதற்குச் செலவான மின்சாரமும் சேர்ந்து முடுக்கில் கொட்டப்படுகின்றன. ஏ.சி. வாங்க முடியாத அடுத்த வீட்டுக்காரர் அந்த முடுக்கைப் பார்த்த சன்னலை முதலில் அடைக்கிறார். பிறகு முடிந்தால் அவரும் ஒன்று வாங்குகிறார். இதில் சென்ட்ரல், ஸ்ப்ளிட் என்ற பேதம் இல்லை. எந்த இடத்தில் கொட்டுகிறது, எவ்வளவு கொட்டுகிறது என்பதே பேதம். இன்னொரு முரணும் இந்தப் பகுதிக்கே உரியது. செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே வரும் மேல்காற்று கயத்தாறு, முப்பந்தல் பக்கத்தில் ஆயிரக்கணக்கான காற்றாலைகளைச் சுற்றுகிறது. வேண்டாம் என்று சன்னலைச் சாத்தித் தடுத்த அதே காற்று, மின்சாரமாகிக் கம்பி வழியாக அறைக்குள் வருகிறது. காற்று வீசும் மாதங்களில் இந்தக் கணக்கு ஓரளவு நேராகும். ஏ.சி. மிக அதிகமாக ஓடும் ஏப்ரலில் அந்தக் காற்று இன்னும் வந்திருக்காது.

இரண்டு முறைகளும் ஒன்றுபோல் கைவிடும் இடம் அடுக்களை. ஸ்ப்ளிட்டை அங்கே யாரும் மாட்டுவதில்லை. எண்ணெய்ப் புகை சில மாதங்களில் அதன் தகடுகளை அடைத்துவிடும். சென்ட்ரல் முறையிலும் அடுக்களைக் காற்றைத் திரும்ப எடுப்பதில்லை; எடுத்தால் தாளித்த வாடை படுக்கையறைக்குப் போகும். கேஸ் அடுப்பின் இரண்டு பர்னரும் எரியும்போது மூன்று, நான்கு கிலோவாட் வெப்பம் அந்தச் சிறிய அறையில் சேர்கிறது. ஒரு டன் ஏ.சி. அள்ளக்கூடியது அவ்வளவுதான். பகலில் வீட்டின் உச்சச் சூடு அடுக்களையில், பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள். வீட்டில் குளிர் வழங்கப்படும் நேரமோ இரவு பத்துக்குப் பின். அடுப்படியில் நிற்பவரின் வேர்வை எந்த விலைப்பட்டியலிலும் கணக்கில் வருவதில்லை. டக்டுக்கு லட்சங்களை ஒதுக்கும் வீடுகளில்கூட, அடுக்களைச் சன்னலை ஓர் அடி பெரிதாக்கவோ நல்ல எக்ஸாஸ்ட் மாட்டவோ யோசிக்கிறார்கள்.

ஆகவே இந்தப் பள்ளத்தாக்கில் செலவுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கூரை. மொட்டைமாடியில் தட்டோடு, அதற்கு மேல் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு, அல்லது தளத்துக்கு மேல் காற்றோட்டம் விட்டு ஒரு நிழல் கூரை. அறையின் சூடு சில டிகிரி இறங்கும். வாங்க வேண்டிய டன்னும் அதற்கேற்பக் குறையும். அடுத்து அடுக்களையின் எக்ஸாஸ்ட். பிறகு விசிறி: பழைய விசிறி இழுக்கும் 75 வாட்டில் பாதிக்கும் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. வகை. அதன் பிறகே படுக்கையறைக்கு அளவான ஓர் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட். புதிய அறை ஏ.சி.க்கள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது 2020 ஜனவரி முதல் விதி. விசிறியோடு சேர்த்து 26, 27இல் வைத்தாலும் உறக்கம் வரும்; ஒரு டிகிரி ஏற்றினால் ஆறு விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. பிள்ளைகள் வளர்ந்து தனி அறை கேட்கும்போது இரண்டாவதைச் சேர்க்கலாம். குழாய்க்கும் வடிநீருக்கும் வழி கட்டும்போதே விட்டிருந்தால் போதும்.

வீடு தழுவிய ஏற்பாட்டைக் கருத வேண்டியவர் மூன்று கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்று சொல்லக்கூடியவர். நாளின் பெரும்பகுதி மூன்று நான்கு அறைகளில் ஆள் இருக்கிறார்களா? வீடு இன்னும் வரைபடத்தில்தான் இருக்கிறதா? கூரைக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டதா? ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும், நெல்லை வீட்டுக்கு ஸ்ப்ளிட்தான் பொருந்தும்; அதுவும் ஆள் படுக்கிற அறைக்கு மட்டும்.